ஐந்து நடை ஓடினால் அழிந்துவிடும்

கேமரா வாங்குவதற்கு ராபின் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் அப்படிப் பார்த்திருக்க மாட்டான். ஒரு மாதம் முழுக்கப் போனும் கையுமாகக் கிடந்தான். எந்தக் கேமராவில் விடியற்காலையில் நம்பர் பிளேட் தெரிகிறது, எது மழையில் மங்குகிறது, எது ஆறே மாதத்தில் செத்துப்போகிறது என்று வண்டி ஓட்டுகிற ஒருவரையும் விடாமல் பிடித்து வைத்துக் கேட்டான். கடைசியில் அவன் தலை தெரிந்தாலே டிரைவர்கள் வேறு டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

அவனுக்கும் காரணம் இருந்தது. சொந்தமாக ஒரு வேன் வைத்துக்கொண்டு, பெரியபாளையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பெண் தொழிலாளர்களை ஏற்றி இறக்குகிறவன் அவன். போன வருடம் கவரைப்பேட்டையில் பைக்கில் வந்த ஒருவன், தானே வந்து வேனின் பின்னால் இடித்து, தானே விழுந்து, தானே கூட்டத்தையும் கூட்டிவிட்டான். ராபினைக் காலரைப் பிடித்துக் கீழே இறக்கி, அத்தனை பெண்களும் பார்க்க மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். செய்யாத தப்புக்கு! அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பொன்னேரியில் கார் சாமான் கடை வைத்திருக்கும் உமர் பாரூக்கிடம் போய் நின்றான்.

"நாலு கே குடு பாய். டாப்பா இருக்கணும்."

"எதுக்கு? சினிமா எடுக்கப் போறியா?" உமர் பாரூக் ஒரு பெட்டியைப் பிரித்தார். "எதிர்ல வர்ற வண்டியோட நம்பர் விடியகாலைல தெரிஞ்சா போதும். அதுக்கு இதுவே பத்தும். உள்ள பேட்டரி வெச்சத மட்டும் எடுக்காத, நம்ம ஊரு வெயில்ல உப்பிக்கும். இதுல அந்தப் பேஜாரு இல்ல. டைமு, ஸ்பீடு எல்லாம் படத்து மேலயே விழும்."

"இடிச்சா?"

"இடிச்சாலோ, சடன் பிரேக்கு போட்டாலோ, அந்த ரெண்டு நிமிசத் துண்டு மட்டும் தானா பூட்டிக்கும். அழியாது. மத்ததெல்லாம் கார்டு நெறஞ்சதும் பழசு மேலயே எழுதிக்கினு போவும். இந்தக் கார்டு அஞ்சு மணி நேரந்தான் தாங்கும் தம்பி. பெருசா போட்டுக்கோ."

"அஞ்சு மணி நேரத்துக்குள்ள எடுத்துக்க மாட்டனா பாய்?"

"உன் இஷ்டம். மைக்க ஆப் பண்ணிடவா? வண்டில பேசுறதெல்லாம் பதியும், பாத்துக்க."

"ஆன்லயே கெடக்கட்டும்" என்றான் ராபின். "எவன் எவன் இன்னா பேசுனான்னு நமக்கு இருக்கணும்."

அப்படியாகக் கண்ணாடிக்கு நடுவில் கேமரா ஏறியது. சிவப்புப் புள்ளி மினுங்க ராபின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினான். அவனை அதிகமாகக் கிண்டல் செய்தவன் பென்னிதான். ஒரே தெரு, ஒரே சர்ச், ஒரே ரூட்டில் இன்னொரு வேன்.

"டேய், கேமராக்காரரு வராரு, எல்லாம் தலைய சீவிக்கோங்கடா" என்பான். "நீயும் ஒண்ணு வாங்கி மாட்டுடா மச்சான்" என்று ராபின் சொன்னால், "எனக்கு எதுக்கு? நான்தான் யூ-டர்ன் போட்டு ஒழுங்கா வரேனே" என்று பல்லைக் காட்டுவான்.

அந்த யூ-டர்ன் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையிலிருந்து சிப்காட்டுக்குள் திரும்பும் வழி எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது. முறையாகப் போவதென்றால் அதைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போய், யூ-டர்ன் போட்டுத் திரும்பி வர வேண்டும். அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? முன்னாலேயே ஓர் இடைவெளி வருகிறது. அதில் நுழைந்து, எதிரே வருகிற வண்டிகளுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டே ஓரமாக நானூறு மீட்டர் ஓட்டினால் சிப்காட் முனை வந்துவிடும். நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுவிட்டால் தப்பு சரியாகிவிடும் என்று எல்லா டிரைவர்களுக்கும் ஒரு நினைப்பு. ராபினும் தினம் அப்படித்தான் போனான். பென்னி ஒருத்தன்தான் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வருவான். அதற்காக அவனை எல்லோரும் கேலி செய்தார்கள், ராபின் கொஞ்சம் கூடுதலாகவே செய்தான்.

ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து ஐம்பத்திரண்டு. ஆறு மணி ஷிப்டுக்குப் பதினான்கு பெண்கள் வேனில். பாதிப் பேர் தூக்கம். முன் சீட்டில் கன்னியம்மா மட்டும் முழித்துக்கொண்டு வந்தாள். அவள் அந்த வண்டிக்கே பெரியவள், வாய்க்கும் பெரியவள். ராபின் வழக்கம்போல இடைவெளியில் நுழைந்து எதிர்ப்பாதையில் ஏறினான். நேரம் நெருக்கிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் வேகமாகவே ஏறினான்.

சிப்காட் முனைக்கு ஐம்பது மீட்டர் இருக்கும்போது, எதிரே ஓரமாக ஒரு ஸ்கூட்டி வந்தது. ஓட்டி வந்த பெண் தன் பாதையில்தான் வந்தாள். தன் பாதையில் ஒரு வேன் மூஞ்சிக்கு நேரே வரும் என்று அவள் எப்படி எதிர்பார்ப்பாள்? பதறி வலப்பக்கம் ஒடித்தாள். ராபின் பிரேக்கில் ஏறி நின்றான். அவளுக்குப் பின்னால் வந்த மஞ்சள் லாரி அவளை இடித்துத் தள்ளிவிட்டு, ஒரு நொடி தயங்கி, அப்படியே வேகமெடுத்துச் சென்னைப் பக்கம் போய்விட்டது.

"ஐயோ! நிறுத்துப்பா, நிறுத்து! தூக்கலாம்பா!" என்று கன்னியம்மா கத்தினாள். ராபினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று அன்றைக்குப் பகல் முழுக்க அவனுக்கே ஞாபகம் வரவில்லை. கியரைப் போட்டு, முனையில் திரும்பி, பெண்களைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, வேறு வழியாகப் பெரியபாளையத்துக்கு வண்டியைக் காலியாகத் திருப்பினான்.

அடுத்த நடையாக எட்டு மணி ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு டீக்கடைக்கு வந்தபோதுதான் சேதி தெரிந்தது. யூ-டர்ன் போட்டு வந்த பென்னி, அடிபட்ட பெண்ணைப் பார்த்ததும் சிப்காட்டுக்குள் திரும்பாமல் நேரே அவளிடம் போயிருக்கிறான். தன் வேனிலேயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான். சேர்த்தவனையே போலீஸ் பிடித்துக்கொண்டது. சீட்டெல்லாம் ரத்தம். வேனின் முன்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பழைய நெளிசல். அடிபட்ட பெண் கல்பனா, ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை செய்கிறவள். அவளுடைய சொந்தக்காரர்கள் ஸ்டேஷன் வாசலில் பென்னியைக் கிழித்துப் போடுகிற ஆவேசத்தில் நின்றார்கள். லாரி என்று பென்னி சொன்னான். எந்த லாரி, நம்பர் என்ன என்று கேட்டார்கள். அவன் வரும்போது லாரி போய்விட்டிருந்ததே! அவன் வண்டிப் பெண்கள் சொன்னதை, அவன் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். கல்பனாவைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள், இன்னும் கண் திறக்கவில்லை.

லாரியின் முகம், நம்பர், நேரம் எல்லாம் ராபினின் கேமராவில் இருக்கிறது. அதிலேயே அவன் எதிர்ப்பாதையில் வந்ததும் இருக்கிறது, வந்த வேகமும் இருக்கிறது. அவள் யாருக்குப் பயந்து ஒடித்தாள் என்பதும் இருக்கிறது. எதிர்ப்பாதையில் ஓட்டிப் பிடிபட்டால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுவோம் என்று போன மாதம்தான் கம்பெனியில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வண்டியோடு போகாது, ஜெயில்தான்.

டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே அவன் கணக்குப் போட்டான். கார்டு ஐந்து மணி நேரம். என்ஜின் ஓடினால்தான் கேமராவும் ஓடும். ஒரு நடைக்கு ஒரு மணி நேரம். காலையில் காலியாகப் போனது ஒன்று, எட்டு மணி ஷிப்டு இரண்டு. இனி காலியாகப் போவது மூன்று. மத்தியான ஷிப்டைக் கொண்டு வருவது நான்கு. காலை ஷிப்டுப் பெண்களை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது ஐந்து. அவ்வளவுதான். எதையும் அழிக்க வேண்டாம், உடைக்க வேண்டாம், யாரிடமும் பொய் சொல்லவும் வேண்டாம். தினம் ஓட்டுகிற வண்டியை ஓட்டினால் போதும்.

பூட்டிக்கொள்ளும் என்று பாய் சொன்னாரே? வண்டி எங்கே இடிபட்டது, இடிபட்டால்தானே பூட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பொய் சொல்லவும் வேண்டாம் என்று நினைத்தது பதினோரு மணிவரைதான் தாங்கியது. மூன்றாவது நடையில் காலியாகப் போய்க்கொண்டிருந்தபோது பென்னியின் மனைவி ஜெனிபர் போன் செய்தாள். குரல் அழுது அழுது கரகரத்திருந்தது.

"அண்ணா, அவுரு இடிக்கலண்ணா. தூக்கினு போய் சேத்தாரு, அதுக்கு புடிச்சி வெச்சிக்கினு கீறாங்க. நீங்க அவருக்கு முன்னாடிதான போனீங்க? உங்க கேமராவுல எதுனா விழுந்துதாண்ணா? உங்களதான் மலபோல நம்பினு கீறேன்."

ராபின் கண்ணாடியைப் பார்த்தான். சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது.

"இல்லமா. நான் அதுக்கு முன்னாலயே உள்ள போய்ட்டேன். அந்த எடத்துக்கே வரல."

"சரிண்ணா" என்றாள். ஒரு சந்தேகமும் இல்லாமல் சொன்னாள். அதைக் கேட்டபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நான்காவது நடையை ஓட்டினான்.

இரண்டேகாலுக்குக் காலை ஷிப்டுப் பெண்கள் ஏறினார்கள். தினமும் சந்தைபோல இரைகிற வண்டி அன்று வாயே திறக்கவில்லை. கன்னியம்மா அதே முன் சீட்டில் உட்கார்ந்தாள். கவரைப்பேட்டை தாண்டும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தவள், மெல்லத் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தாள்.

"இந்தப் பொட்டில இருக்குமா ராபினு?"

"அழிஞ்சிடும்க்கா. அஞ்சு மணி நேரந்தான்."

"அழிஞ்சிடுச்சா, இல்ல இனிமேதான் அழியணுமா?"

அவன் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினான்.

"நான் போய் சொல்லலாம்தான்" என்றாள் அவள். "சொன்னா நாளைலருந்து உன் வண்டி வராது. வண்டி இல்லன்னா இவளுங்க பதினாலு பேருக்கும் வேல இல்ல. காலைலருந்து அத்தயேதான் நெனச்சிக்கினு கீறேன். கேவலமா கீது எனக்கு." பிறகு, "காலைல நீ ஒரு பேச்சு சொன்னியே, ஞாபகம் கீதா?" என்று கேட்டாள்.

"இன்னா சொன்னேன்?"

"போய் நீயே கேளு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் நிறுத்தத்தில் இறங்கியபோது, தினமும் சொல்கிற 'வரேம்பா'வைச் சொல்லவில்லை.

கடைசிப் பெண்ணையும் இறக்கிவிட்டு, கோயிலுக்குப் போகிற ரோட்டோரம் வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தினான். மணியைப் பார்த்தான். அன்றைக்குப் பார்த்து எங்கும் நெரிசல் இல்லாததால் நடை சீக்கிரம் முடிந்திருந்தது. கணக்குப்படி இன்னும் எட்டு நிமிடம் பாக்கி. சாவியில் கை வைத்தான். திருகினால் என்ஜின் நிற்கும், கேமரா நிற்கும், எல்லாம் அப்படியே இருக்கும்.

திருகவில்லை. அதுவரை வேலையாக ஓட்டினேன் என்று சொல்லிக்கொண்டவன், இப்போது சும்மா நிற்கிற வண்டியின் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். ஆறு நிமிடம். மூன்று நிமிடம். வேண்டுதலுக்கு வந்த குடும்பம் ஒன்று வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரமாகக் கடந்துபோனது. யாராவது வந்து கதவைத் திறந்து தன்னை வெளியே இழுத்துப் போட்டால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. யாரும் வரவில்லை. எட்டு நிமிடத்துக்குப் பத்து நிமிடமாக விட்டுவிட்டுத்தான் என்ஜினை நிறுத்தினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஒழிந்தது. ஆனால் ஒழிந்ததைக் கண்ணால் பார்க்காமல் நிம்மதி ஏது? சாவியை அரைத் திருகில் வைத்து, கேமராவைப் போனில் இணைத்தான். பட்டியல் விரிந்தது. ஆறு மணிக்கு முந்தைய துண்டுகள் எல்லாம் போயிருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு. ஐந்து ஐம்பத்தொன்று முதல் ஐம்பத்து மூன்று வரை.

சடன் பிரேக்! பாய் அதையும் சேர்த்துத்தானே சொன்னார்! 'இடிச்சாலோ, சடன் பிரேக்கு போட்டாலோ.' ஒரு மாதம் ஊரையே அலைக்கழித்துப் பார்த்துப் பார்த்து வாங்கிய கேமரா, வாங்கிய காசுக்கு ஒழுங்காக வேலை செய்திருந்தது.

விரல் அழிக்கிற இடத்துக்குப் போனது. போய், அதற்குப் பக்கத்தில் இருந்ததைத் தொட்டது. படம் ஓடியது. ஸ்கூட்டி வந்தது, வலப்பக்கம் ஒடித்துத் திரும்பியது. மஞ்சள் லாரியின் முகம் நம்பரோடு பளிச்சென்று தெரிந்தது. அவன் முறையான பக்கத்தில் வந்திருந்தால் அந்த முகம் பதிந்தே இருக்காது. கன்னியம்மாவின் கத்தல் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு ஆணின் குரல், அவசரமாக, எரிச்சலோடு:

"டைமாச்சுக்கா! பின்னால பென்னி வருவான், அவன் பாத்துக்குவான்."

ராபின் போனை மடியில் போட்டுவிட்டான். பிறகு எடுத்து மறுபடி கேட்டான். அவன் குரல்தான். பென்னி தற்செயலாக வந்து சிக்கிக்கொண்டான் என்றுதான் பகல் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான். அடிபட்டவளைப் பென்னி தலையில் கட்டிவிட்டு வந்ததே தன் வாய்தான் என்று இப்போதுதான் உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதான்.

அழுது முடித்ததும் உமர் பாரூக்குக்குப் போன் போட்டான். மனுசப் புத்தி, என்ன செய்ய!

"பாய், படம் இருக்கட்டும். பேச்ச மட்டும் எடுத்துட முடியுமா?"

"எடுக்கலாம். எதுக்குக் குடுக்கப் போற?"

"ஸ்டேஷனுக்கு."

"அப்ப கை வெக்காத தம்பி. ஒரு எடத்துல வெட்டிட்டா, மொத்தமும் வெட்டி ஒட்டுனதுன்னு லாரிக்காரன் வக்கீல் சொல்லிடுவான். கார்டக் கழட்டி அப்படியே குடு. குடுத்தா முழுசா குடு, இல்லன்னா குடுக்காத."

ஐந்தரை மணி நடைக்கு வேறு வண்டி பார்த்துக்கொள்ளும்படி கம்பெனி சூப்பர்வைசருக்குச் சொன்னான். கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, பட்டனை மாட்டி, மேலே கையை வைத்துக்கொண்டே ஸ்டேஷனுக்கு ஓட்டினான்.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெனிபர் அவனைப் பார்த்ததும் எழுந்தாள். "வந்துட்டீங்களாண்ணா" என்றாள். அவன் சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்ததும் முகம் குழம்பியது. "இன்னாண்ணா அது? அந்த எடத்துக்கே வரலன்னீங்களே?"

"வந்தேம்மா" என்றான் ராபின். சொல்லிவிட்டு உள்ளே நடந்தான், அவளும் பின்னாலேயே வந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார். சுவரோரம் தரையில், ரத்தம் காய்ந்த சட்டையோடு பென்னி உட்கார்ந்திருந்தான். உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. லாரியின் நம்பர் வந்ததும் எஸ்.ஐ. படத்தை நிறுத்தி, ஏட்டைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு ராபினைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

"அந்தம்மா எதுக்குயா ஒடிச்சாங்க?"

"எனக்குப் பயந்துதான் சார். நான் எதிர்ல வந்தேன்."

எஸ்.ஐ. படத்தை மறுபடி ஓடவிட்டார். பழைய கம்ப்யூட்டர், ஆனால் ஸ்பீக்கர் நன்றாகவே வேலை செய்தது. கன்னியம்மாவின் கத்தல் அறை முழுக்கக் கேட்டது. அதன் பின்னால் ராபினின் குரலும் கேட்டது. டைமாச்சுக்கா, பின்னால பென்னி வருவான், அவன் பாத்துக்குவான்.

ஜெனிபர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராபின் தலையைக் குனிந்தபடியே நின்றான். தரையிலிருந்து பென்னி எழுந்து வருகிற சத்தம் கேட்டது. அடிப்பான் என்று நினைத்தான், அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தான்.

பென்னி அவனுக்கு எதிரே வந்து நின்றான்.

"பாத்துக்கினேன் மச்சான்" என்றான். "உசுரு இருக்கும்போதே சேத்துட்டேன்."

எஸ்.ஐ. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, ராபினிடம் லைசென்ஸைக் கேட்டார்.